அழகு நிலையத்து மெஷின் தோலுக்கு உள்ளே பார்க்குமா?

உப்புவெளிக்காரி, 3 ஒக்டோபர், மாலை 6.12

டவுனில் ஓர் அழகு நிலையத்துக்குப் போனேன். வெள்ளைப் பெட்டி ஒன்றுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, பளிச் பளிச்சென்று பல நிறத்தில் லைட் அடித்துப் படம் எடுத்தார்கள். ஒரு படத்தில் மினுக்கமே இல்லை, ஒன்று முழுக்கச் சிவப்பு, ஒன்று மண்ணிறம், ஒன்று நீலத்தில் செம்மஞ்சள் புள்ளிகள். "இது போலரைஸ் லைட், தோலுக்கு உள்ளே ஒவ்வொரு படையாகக் காட்டும், உங்கள் தோலுக்கு உங்களைவிட எட்டு வயது கூட" என்று அந்தப் பிள்ளை சொன்னாள். பிறகு கிறீம் விலை சொன்னாள். இதில் எது உண்மை, எது வியாபாரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டூடியோக்காரன், 3 ஒக்டோபர், இரவு 9.50

லைட் உண்மை. படை படையாகக் காட்டும் என்பது கதை. எட்டு வயது வியாபாரம்.

நான் டொக்டர் இல்லை. கல்யாண வீட்டுப் படம் எடுக்கிற ஆள். தோல் டொக்டர் ஒருவருக்கு நோயாளிகளின் சம்மதத்தோடு படம் எடுத்துக் கொடுப்பதால் இந்தச் சாமான்களோடு பழக்கம்.

தோலில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கு மேலேயே பட்டுத் தெறித்துவிடும். அதுதான் மினுக்கம். மீதி உள்ளே போய், கொலாஜன் என்ற புரத நார்களில் முட்டி முட்டித் திசை மாறி, மெலனின் என்ற கறுப்பு நிறப்பொருளும் இரத்தமும் உறிஞ்சியது போக எஞ்சியது திரும்பி வரும். தோலின் நிறம் என்று நாம் பார்ப்பது இந்த இரண்டாவது வெளிச்சத்தைத்தான். லைட்டுக்கு முன்னால் போலரைசர் ஃபில்ம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்தால் ஒளி ஒரே தளத்தில் அதிர்ந்துகொண்டு போகும். மேலே தெறித்தது அந்தத் தளம் மாறாமல் வரும். உள்ளே அலைந்து திரிந்தது தளத்தைத் தொலைத்துவிட்டு வரும். லென்ஸுக்கு முன்னால் இன்னொரு ஃபில்மை 90 பாகை திருப்பி வைத்தால் மேலே தெறித்தது அடைபட்டுப்போகும். உள்ளிருந்து வந்ததில் பாதி தப்பி வரும். அவ்வளவுதான் விசயம்.

எவ்வளவு ஆழம் என்றால், நீல ஒளி கொஞ்சத் தூரத்திலேயே ஓய்ந்துவிடும். சிவப்பு சில மில்லிமீட்டர் போகும். ஆனால் திரும்பி வருவது எல்லா ஆழத்திலிருந்தும் கலந்த ஒளி. எந்தப் படையிலிருந்து வந்தது என்று அதில் முகவரி எழுதியிருக்காது.

ஸ்டூடியோக்காரன், 3 ஒக்டோபர், இரவு 10.25

செம்மஞ்சள் புள்ளிக்குப் பதில் சொல்ல விட்டுப்போனது. அதற்கும் போலரைசருக்கும் சம்பந்தமில்லை. அது ஊதாக்கடந்த ஒளி, வுட்ஸ் விளக்கு வகை. பருவோடு சேர்ந்த ஒரு பக்டீரியா போர்பிரின் என்ற பொருளை விடும். அது அந்த ஒளியில் செம்மஞ்சளாக மின்னும். எண்ணெய்ப் பசை உள்ள எல்லோருடைய மூக்கிலும் இருக்கும், பயப்படாதீர்கள். துவாயின் பஞ்சுத் துகளும் அதே படத்தில் நீலவெள்ளையாக மின்னும். அதையும் நோய் என்று காட்டினார்களா தெரியாது.

ஸ்டூடியோக்காரன், 4 ஒக்டோபர், பகல் 1.05

கடைக்கு ஆள் வரவில்லை, ஆகவே நீட்டி எழுதுகிறேன். "வெள்ளைக்காரருக்குச் செய்த மெஷின் நமது நிறத்துக்குச் சரிவருமா" என்று மூதூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். இந்த இழையில் வந்ததில் இதுதான் நல்ல கேள்வி.

மேலே தெறிக்கும் அந்த நாலைந்து பங்குக்கு நிறம் தெரியாது. காற்றுக்கும் தோலின் மேல் ஓட்டுக்கும் உள்ள ஒளிமுறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற எண்) வித்தியாசத்தால் வருவது அது. ஓட்டுக்குச் சுட்டி ஏறக்குறைய 1.5, காற்றுக்கு 1. வெள்ளைத் தோலானாலும் நம்முடையதானாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் உள்ளிருந்து திரும்பி வரும் ஒளி நமக்கு மிகக் குறைவு, மெலனின் போகும்போதும் உறிஞ்சுகிறது, வரும்போதும் உறிஞ்சுகிறது. அப்படியென்றால் நமது தோலின் சாதாரணப் படத்தில் மினுக்கத்தின் பங்கு அவர்களுடையதைவிட அதிகம். கறுத்த முகத்தை பிளாஷில் எடுத்தால் நெற்றியும் கன்னமும் சாம்பல் பூசியதுபோல வருவது இதனால்தான். ஸ்டூடியோவில் பவுடர் அப்பிச் சமாளிப்போம். நோயாளிக்குப் பவுடர் போட முடியாது.

ஆகவே ஃபில்மால் வரும் லாபம் நமக்குத்தான் கூட. கரப்பன் உள்ள ஒரு முழங்கை மடிப்பைச் சும்மா எடுத்தால் கருஞ்சாம்பல் திட்டு மட்டும் தெரியும். அதே கையை ஃபில்ம் போட்டு எடுத்தால் திட்டின் ஓரத்தில் ஊதா கலந்த சிவப்பு வளையம் வெளியே வரும். அழற்சி இன்னும் ஓடுகிறதா, அடங்கிப் பழைய கறுப்பு மட்டும் நிற்கிறதா என்று டொக்டர் பார்ப்பது அந்த வளையத்தை.

ஆனால் சும்மா கிடைக்காது. முதல் ஃபில்ம் பாதி ஒளியைத் தின்னும், இரண்டாவது எஞ்சியதில் பாதி. கணக்குப்படி எஞ்சுவது கால் பங்கு, அதாவது இரண்டு ஸ்டொப் இழப்பு (ஒளி ஒருமுறை பாதியானால் ஒரு ஸ்டொப்). கடையில் வாங்கும் ஃபில்ம் அவ்வளவு சுத்தமில்லை, மூன்று ஸ்டொப்புக்குக் கிட்டப் போகும். ஏற்கெனவே ஒளியை விழுங்கும் தோல், அதற்குமேல் இது. கமரா தானாக ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வை, ஏற்றும், படம் முழுக்க மணல்போலப் புள்ளி விழும், அந்த மணலில் நாம் தேடும் மெல்லிய சிவப்பு தொலைந்துவிடும். லைட்டைக் கூட்டுங்கள், ஐஎஸ்ஓவைக் கூட்டாதீர்கள்.

ஸ்டூடியோக்காரன், 4 ஒக்டோபர், மாலை 5.40

வீட்டில் சோதிக்க வழி கேட்டவர்களுக்கு: எல்சிடி கம்பியூட்டர் திரையில் முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறவுங்கள். அந்த வெளிச்சம் போலரைஸ் ஆகித்தான் வெளியே வருகிறது. அறை லைட்டை அணைத்துவிட்டுக் கையைத் திரைக்கு முன்னால் பிடியுங்கள். போலரைஸ் கூலிங் கிளாஸ் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் வைத்து மெல்லச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் கையின் மினுக்கம் அப்படியே இறங்கும். செலவில்லை.

ஸ்டூடியோக்காரன், 6 ஒக்டோபர், இரவு 8.30

"ஃபில்ம் வாங்கினேன், வேலை செய்யவில்லை" என்று இரண்டு பேர் படம் போட்டிருக்கிறீர்கள்.

முதலாவது ஆளின் படத்தில் நெற்றியில் நீளமாக ஒரு கோடு. அது உங்கள் பிளாஷ் இல்லை, மேலே எரியும் டியூப் லைட். அதன் ஒளிக்கு ஃபில்ம் போடவில்லையே, பின்னே எப்படி அடைபடும்? எங்களுடைய அறையின் யன்னல் கடல் பக்கம். மத்தியானம் தண்ணீர் வெயிலை அப்படியே உள்ளே வீசும். தடித்த திரை போட்ட பிறகுதான் படம் படமாக வந்தது.

இரண்டாவது ஆள் லென்ஸில் போட்டிருப்பது சிபிஎல், கமராக் கடையில் விற்கும் வட்டப் போலரைசர். அது ஒரு நேர்ப் போலரைசர், அதற்குப் பின்னால் கால் அலைத் தகடு, இரண்டும் ஒட்டியது. சரியான பக்கமாக லென்ஸில் மாட்டினால் பிரச்சினை இல்லை. போனுக்கு முன்னால் கையால் பிடிப்பவர்கள் மாறிப் பிடிக்கிறார்கள். அப்போது தகடு முதலில் வந்து தளத்தைக் குலைத்துவிடும், எப்படிச் சுற்றினாலும் மினுக்கம் போகாது. முப்பரிமாணப் படத்துக்குத் தியேட்டரில் தரும் கண்ணாடியிலும் அதே வகை ஒட்டு உண்டு. புரட்டிப் பாருங்கள்.

கோணமும் முக்கியம். 90 பாகையிலிருந்து 5 பாகை பிசகினால் மினுக்கத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் கசியும். 10 பாகை பிசகினால் மூன்று பங்கு கசியும். மாலஸின் சூத்திரம், உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். லைட்டை லென்ஸுக்குக் கிட்ட வையுங்கள். தள்ளி வைத்தால் மூக்கின் ஓரத்திலும் தாடையிலும் ஒளி சரிவாகப் பட்டுத் தளமே திரும்பிவிடும். அந்த இடங்களில் மட்டும் மினுக்கம் நிற்கும்.

வாடைக்காற்று தொடங்கப்போகிறது. ஈரமும் சூடும் இந்த ஃபில்முக்கு ஆகாது. ஓரம் வெளுத்து ஒட்டு கழன்றுவிடும். சிலிக்கா பையோடு டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஸ்டூடியோக்காரன், 6 ஒக்டோபர், இரவு 8.44

கேட்பதற்கு முன்னமே சொல்கிறேன், இதைக் கல்யாண வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். விழியில் தெரியும் அந்த ஒளிப்புள்ளியும் மினுக்கம்தான், அதுவும் போய்விடும், கண்ணில் உயிர் இருக்காது. தங்கத்தில் பட்ட ஒளியும் தளம் மாறாமல் தெறிப்பதால் தாலிக்கொடி கறுத்துப்போய்க் கிடக்கும். எடுத்துக் காட்டினேன், வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை.

ஸ்டூடியோக்காரன், 9 ஒக்டோபர், இரவு 10.15

4ஆம் திகதி எழுதியதை வாசித்துவிட்டு "அப்ப எல்லாப் படமும் ஃபில்ம் போட்டே எடுப்பமே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. மினுக்கத்தைக் குப்பை என்று எண்ணுகிற மாதிரி நான் எழுதியது பாதிக் கதைதான்.

சொரியாசிஸ் உள்ள ஒருவரின் முழங்கை. மேலே வெள்ளிச் செதில், தட்டினால் உதிரும். ஃபில்ம் போட்டு எடுத்த படத்தை மட்டும் வட்ஸ்அப்பில் வெளியூர் டொக்டர் ஒருவருக்கு அனுப்பினார்கள். "செதிலே இல்லையே, மருந்து நல்லா வேலை செய்திருக்கு" என்று பதில் வந்தது. செதில் கையில்தான் இருந்தது, படத்தில் இல்லை. செதிலை வெள்ளியாகக் காட்டுவதே மேல் தெறிப்புத்தானே. அதை அடைத்துவிட்டால் சிவந்த அடித்தளம் மட்டும் தெரியும்.

இதே மாதிரி, லைக்கன் பிளானஸ் என்ற தோல் நோயின் தட்டையான பளபளப்பு, ஸ்டீரொயிட் கிறீம் கண்டபடி பூசி மெலிந்துபோன தோலின் சுருக்கம், தேமலின் நுண்ணிய தவிட்டுச் செதில், இதெல்லாம் மேற்பரப்பின் சேதி. இவற்றைப் பார்க்க ஃபில்மை 90இலிருந்து 0க்குத் திருப்ப வேண்டும். இரண்டும் ஒரே தளத்தில் நின்றால் மினுக்கம் கூடித் தெரியும், சுருக்கமும் துவாரமும் எழும்பி நிற்கும். பொஸ்டனில் ரொக்ஸ் அன்டர்சன் 1991இல் தோல் மருத்துவர்களுக்கு எழுதிய கட்டுரையும் இரண்டு விதமாகவும் பார்க்கத்தான் சொன்னது. அந்த அழகு நிலையப் பெட்டிக்குள்ளும் இரண்டும் இருக்கும். சுருக்கம் காட்டி விற்க ஒன்று, கறை காட்டி விற்க மற்றது.

என் பழக்கம்: ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு படம், ஆள் அசையாமல் அடுத்தடுத்து. ஓரத்தில் சாம்பல் அட்டையும் அடிமட்டமும்.

ஸ்டூடியோக்காரன், 12 ஒக்டோபர், மாலை 4.20

தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் லைட் வைத்த கைக்கருவியான டேர்மொஸ்கோப் பற்றி ஒரு தாதி தங்கச்சி கேட்டிருந்தார், பழைய மொடல் நல்லதா புதியது நல்லதா என்று.

பழையதில் கண்ணாடியைத் தோலில் அழுத்தி, இடையில் ஜெல்லோ எண்ணெயோ விட்டுப் பார்க்க வேண்டும். காற்று இடைவெளி இல்லாவிட்டால் மேல் தெறிப்பும் இல்லை. போலரைஸ் வகையில் தொடாமலே பார்க்கலாம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள், இரண்டும் காட்டுவது வேறு வேறு. இரத்தக் குழாய்களுக்குத் தொடாத போலரைஸ் வகை நல்லது. கண்ணாடி அழுத்தினால் இரத்தம் ஒதுங்கிக் குழாய் வெளுத்துவிடும். தழும்பிலும் சில புற்றுகளிலும் வரும் வெள்ளி மினுங்கல் கோடுகள் போலரைஸ் ஒளியில்தான் தெரியும், கொலாஜன் கட்டுகள் தளத்தைத் திருப்புவதால். நான்கு வெள்ளைப் புள்ளி சேர்ந்து பூப்போல ஒன்று வரும். அதுவும் அந்த ஒளியில் மட்டும். மாறாக, செபொரிக் கெரட்டோசிஸ் மருவில் உள்ள சின்ன வெள்ளை முத்துகளும் அடைபட்ட துவாரங்களும் பழைய வகையில்தான் துலக்கம். இப்போது வரும் கருவிகளில் பட்டனை அழுத்தி இரண்டுக்கும் மாறலாம். வாங்குவதென்றால் அதை வாங்குங்கள்.

சொறிச் சிரங்குக்கு இது அருமையான சாமான். விரல் இடுக்கில் வைத்துப் பார்த்தால் வளைக் கோட்டின் நுனியில் கறுத்த ஒரு சின்ன முக்கோணம். அது பூச்சியின் தலைப்பக்கம். பின்னால் வெள்ளை வால்போல அது தோண்டிய பாதை. முதல் தடவை கண்டவர் யாரும் மறக்கமாட்டார். ஆனால் கறுத்த தோலில் அந்த முக்கோணம் நிறத்தோடு கலந்து ஒளிந்துகொள்ளும், வாலைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் நுனியைத் துடைக்காவிட்டால் நீங்களே பரப்புவீர்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கிண்ணியாவிலிருந்து ஒருவர். சிரிப்பாகக் கேட்டாரோ தெரியாது, பதில் உண்டு. அதன் ஒளிமுறிவுச் சுட்டி 1.45க்குக் கிட்ட, தண்ணீரின் 1.33ஐவிடத் தோலுக்கு நெருக்கம். செதிலுக்குள் இறங்கி அதைக் கண்ணாடியாக்கிவிடும். ஒளியியலாகப் பார்த்தால் நல்ல திரவம். கிளினிக்கில் வேண்டாம், பல பேருக்கு ஒரே போத்தல் ஆகாது. அற்ககோல் ஜெல் போதும். படம் எடுக்க வரும் நாளில் தலைக்கும் முகத்துக்கும் எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள் என்று வாசலில் எழுதி ஒட்டினோம். வெள்ளிக்கிழமைகளில் ஒருவரும் அதை வாசிப்பதில்லை.

ஸ்டூடியோக்காரன், 12 ஒக்டோபர், இரவு 11.30

நித்திரை வரவில்லை, கொஞ்சம் திசை மாறுகிறேன்.

தெறித்த ஒளி போலரைஸ் ஆகிறது என்பதைக் கண்டவர் மாலஸ், 1808இல், பாரிஸில் லக்சம்பேர்க் மாளிகை யன்னல்களில் மாலை வெயில் பட்டுத் தெறித்ததைக் கல்சைட் பளிங்கு ஒன்றினூடாகப் பார்த்தபோது. இதைப் பள்ளியில் சொல்லித் தருவார்கள். நம்மவர் பங்கைச் சொல்லித் தரவில்லை. போலரைஸ் ஒளியை நான்கு எண்களால் எழுதும் முறையை ஸ்டோக்ஸ் 1852இல் சொன்னார். பல காலம் கவனிப்பாரில்லாமல் கிடந்ததை 1940களில் எடுத்துப் பயன்படுத்தியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன்களை ஆராய்பவர்களுக்காக. ஒளி பலமுறை சிதறும் அதே கணக்கைத்தான் இன்றைக்குத் தோலுக்கும் போடுகிறார்கள். போலரைஸ் நிலை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினால் ஒளியில் ஒரு கட்ட வித்தியாசம் மிஞ்சும் என்று 1956இல் காட்டிய பஞ்சரத்தினத்துக்கு அப்போது 22 வயது. 35 வயதில் ஒக்ஸ்போர்டில் இறந்துபோனார். இருவரும் சி. வி. ராமனுக்கு உறவு: சந்திரசேகர் அண்ணன் மகன், பஞ்சரத்தினம் சகோதரி மகன். தோலுக்குள் ஒளியின் தளத்தைத் திருப்புகிற கொலாஜன் இருக்கிறதே, அது மூன்று இழை முறுக்கு என்று 1954இல் எழுதியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும்.

சரி, படுக்கப் போகிறேன்.

ஸ்டூடியோக்காரன், 15 ஒக்டோபர், இரவு 9.05

"போலரைஸ் ஒளியால் மேல் படையை மட்டும் பிரித்துக் காட்ட வழியே இல்லையா, முதல் பதிவில் ஒரேயடியாக மறுத்துவிட்டீர்களே" என்று ஒரு கம்பஸ் பிள்ளை. வழி உண்டு, ஆனால் அந்தப் பெட்டி செய்வது அதுவல்ல.

அமெரிக்காவில் ஒரேகனில் ஸ்டீவன் ஜாக்ஸும் கூட்டாளிகளும் 2002இல் இதை எழுதினார்கள். ஒரே தளத்தில் ஒரு படம், குறுக்குத் தளத்தில் ஒரு படம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஆழத்தில் அலைந்து தளம் தொலைத்த ஒளி இரண்டு படத்திலும் சமமாக இருக்கும், ஆகவே கழித்தலில் போய்விடும். மேலே நிற்கும் மெலனின் இரண்டு படத்தையும் ஒரே விகிதத்தில் மங்கச் செய்யும், ஆகவே வகுத்தலில் போய்விடும். எஞ்சுவது மேல்மட்டத்தில் ஓரிரு முறை மட்டும் சிதறி வந்த ஒளி. கண்ணுக்குத் தெரிந்த மச்சப்புள்ளி அந்தப் படத்தில் காணாமல் போகும். நார்களின் பின்னல் தெரியும். தோல் புற்றை வெட்டும்போது கரை எங்கே முடிகிறது என்று பார்க்க உதவுமா என்பதுதான் அவர்கள் தேடியது. சாதாரண மினுக்கம் குறுக்கே வராதிருக்க, தோலில் ஜெல் பூசிக் கண்ணாடித் தகடு வைத்து, சரிவாக லைட் அடித்தார்கள்.

என்னிடம் இருக்கும் இரட்டைப் படத்தில் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். மினுக்கத்தின் படம்தான் கிடைத்தது. கண்ணாடித் தகடு இல்லாமல் அப்படித்தான் வரும். அதோடு கறுத்த தோலில் வகுக்கும் எண் சின்னதாகிவிடும், மணல் பெரிதாகிவிடும். மெலனின் கழியும் என்பது கணக்கில். கமராவில் அதற்கும் நிறைய வெளிச்சம் வேண்டும்.

ஸ்டூடியோக்காரன், 18 ஒக்டோபர், காலை 7.10

தனிச் செய்தியில் முதுகுப் படம் அனுப்பி "இது தேமலா, குட்டமா, ஃபில்ம் போட்டு எடுத்தால் தெரியுமா" என்று கேட்டவருக்கு. பெயர் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். வெளுத்த திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். எந்த ஒளிக்கும் மரத்துப்போனது தெரியாது. தொழுநோய் கிழக்கில் இன்னும் இருக்கிறது, மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். அரசாங்கத் தோல் கிளினிக்குக்குப் போங்கள், இந்தக் கிழமையே.

உள்ளங்காலில் புதிதாகக் கறுப்புக் கறை கண்டவர்களும் அப்படியே. நம்மவர்களுக்கு மெலனோமா என்ற கறுப்புத் தோல் புற்று அரிது, வந்தால் அதிகம் வருவது வெயில் படாத அந்த இடத்தில்தான். டேர்மொஸ்கோப்பில் ரேகையின் பள்ளத்தில் நிறம் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டில் ஓடினால் டொக்டரின் முகம் மாறும்.

ஸ்டூடியோக்காரன், 21 ஒக்டோபர், இரவு 9.20

உப்புவெளித் தங்கச்சி தன் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தார், பார்த்தேன். குறுக்குப் போலரைஸ் படம் நன்றாக இருக்கிறது. முகவாய் தாங்கி, ஒரே லைட், ஒரே தூரம், இந்த ஒழுங்கு நாட்டில் பாதி இடங்களில் இல்லை. மெஷினைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிவப்பு வரைபடத்தைத்தான் நம்ப முடியாது. இரத்தத்தின் ஈமோகுளோபின் 542, 577 நானோமீட்டர் அளவில் பச்சை மஞ்சள் ஒளியை நன்றாக உறிஞ்சும், மென்பொருள் அதை வைத்துத்தான் சிவப்பைப் பிரிக்கிறது. மெலனினும் அங்கே உறிஞ்சும். வெளிர் தோலில் பழகிய கணக்கு நமது கறுப்பின் ஒரு பகுதியைச் சிவப்பாகவோ, சிவப்பைக் கறுப்பாகவோ எழுதிவிடும். அவருடைய கன்னத்தில் சிவப்பு என்று காட்டிய இடம் பழைய பருத்தழும்பின் கறை என்றுதான் எனக்குப் படுகிறது. எட்டு வயது கூட என்பது ஏதோ ஒரு கூட்டத்தின் முகங்களோடு ஒப்பிட்ட எண். எந்தக் கூட்டம் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.

காசு கட்டியாயிற்று, படங்களையாவது வாங்கிக்கொள்ளுங்கள் தங்கச்சி. மதிப்பெண் போட்ட தாள் வேண்டாம், மூலப் படக் கோப்பு. மூன்று மாதம் கழித்து அதே பெட்டியில், கிறீம் பூசாத முகத்தோடு, ஏசி அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எடுத்தால் ஒப்பிடலாம். வெயிலில் ஸ்கூட்டரில் வந்து இறங்கிய உடனே எடுத்தால் முகம் முழுக்கச் சிவப்புத்தான்.

ஸ்டூடியோக்காரன், 21 ஒக்டோபர், இரவு 9.31

ஃபில்ம் துண்டு கேட்டவர்கள் மூன்று பேருக்கு வெட்டி வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடை திறப்பது பத்து மணிக்குப் பிறகு. மேலே ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை இரண்டு பக்கமும் உரித்துவிட்டுச் சோதியுங்கள், உரிக்காமல் "வேலை செய்யவில்லை" என்று இங்கே எழுத வேண்டாம்.